எலும்பில்லாத சூப்

பேருந்தில் முன்படிக்கட்டை ஒட்டிய முதல் இருக்கையில் உட்கார்ந்து போவதைப் போன்ற சுகம் உலகத்தில் வேறு எதிலும் கிடையாது மேடம். நீங்கள் ஜீப்பில் போகிறவர், உங்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. ஆரணியிலிருந்து சேத்துப்பட்டு போகிற வண்டியில் முகூர்த்த நாள் கூட்டம் எப்படி இருக்கும் என்றால், ஒரு ஆள் தும்மினால் ஏழு பேர் மூக்கைத் துடைத்துக்கொள்ள வேண்டும். அந்தக் கூட்டத்தில் நான் ஏறுவேன். கம்பியைப் பிடித்து நல்ல காலை முதலில் வைப்பேன். பிறகு பொய்க்காலை டொக்கென்று வைப்பேன். அந்தச் சத்தத்துக்கு மந்திரியே உட்கார்ந்திருந்தாலும் எழுந்து இடம் கொடுப்பார். கண்டக்டர் என் பாஸைப் பார்ப்பதுகூட இல்லை. நான் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, ஊரெல்லாம் எனக்காகவே வழிவிட்டு நிற்பதைப் பார்த்துக்கொண்டே போவேன்.

இங்கேயும் எனக்கு நாற்காலி போட்டிருக்கிறீர்கள். வெளியே நிற்கிறவர்களுக்கு யாரும் போடவில்லை, கவனித்தேன். நன்றி. கேட்டதற்கெல்லாம் ஒளிக்காமல் சொல்கிறேன். தம்பி நிதானமாக டைப் அடிக்கட்டும்.

‘உங்களுக்கும் உங்கள் மச்சான் பரசுராமனுக்கும் என்ன பகை’ என்று கேட்டீர்கள். பகை ஒன்றும் கிடையாது. அவன் என் மனைவி உண்ணாமலையின் அண்ணன். எனக்கும் அவனுக்கும் ஒரே வயது, ஒரே பள்ளிக்கூடம், இப்போது ஒரே சுவர். சுவருக்கு இந்தப் பக்கம் நானும் உண்ணாமலையும், அந்தப் பக்கம் அவனும் அவன் மனைவி தேவகியும் அவனுடைய தறியும். நான் அரிசி ஆலையில் குடோன் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவன். அவன் பட்டு நெய்கிறவன். நெசவாளிக்கு ஓய்வு கிடையாது, அதனால் இன்னமும் நெய்துகொண்டிருந்தான்.

எப்படிப்பட்ட நெசவு என்று கேட்காதீர்கள். அவன் முந்தானையில் நெய்த மயிலைப் பார்த்து நிஜ மயில்களெல்லாம் வெட்கப்பட்டு ஜவ்வாது மலைக்கே போய்விட்டன என்று என் மனைவி சொல்வாள். அவள் சிரிக்காமல் சொல்வாள். கல்யாணமான நாளிலிருந்து எங்கள் வீட்டில் காலையில் பால் பொங்கினாலும் பொங்காவிட்டாலும் ‘எங்கண்ணன்’ என்ற சொல் பொங்கிவிடும். எங்கண்ணன் இருந்தால் இப்படிச் செய்வார், எங்கண்ணன் கையால் தொட்டால் நூல் அறாது. விருந்துக்குப் போனால் முதல் இலை அவனுக்கு. எனக்கு, பாயசம் தீர்ந்த பிறகு ‘ஐயோ, இவர ஒருத்தரும் கவனிக்கிலியா’ என்று யாராவது சொல்வார்கள். முப்பது வருடம் நெல் மூட்டைகளை மேய்த்தவனை யார் கவனிப்பார்கள்? மூட்டைகளே கவனித்ததில்லை.

கடவுள் ஒருநாள் கவனித்தார். ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருடம் ஆலை முற்றத்தில் ஒரு நெல் லாரியைப் பின்னால் எடுத்தபோது என் வலது கால் அதன் சக்கரத்துக்கும் மேடைச் சுவருக்கும் நடுவே மாட்டிக்கொண்டது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அந்த டிரைவர்மேல் எனக்கு வருத்தமே இல்லை. வருடா வருடம் அவனுக்குத் தீபாவளிக்கு ஒரு பெட்டி இனிப்பு அனுப்பலாமா என்று நினைப்பேன்.

ஏனென்றால் அதற்குப் பிறகுதான் நான் பிறந்தேன். மருத்துவக் குழு எனக்கு அறுபது சதவீதம் போட்டது. மாற்றுத்திறனாளி அட்டை வந்தது, உதவித்தொகை வந்தது, பஸ் பாஸ் வந்தது, பின்னால் இரண்டு சக்கரம் கூடுதலாக வைத்த ஸ்கூட்டர் வந்தது. அந்த ஸ்கூட்டரில் நான் பஜார் வீதியில் போனால் சூரியகுளத்து மீன்கள்கூடத் தலையைத் தூக்கிப் பார்க்கும். யாருக்கு எந்த அலுவலகத்தில் என்ன காகிதம் வேண்டுமென்றாலும் என்னிடம் வந்தார்கள். வெம்பாக்கத்திலிருந்து ஒருவர் தன் பையனைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்து, ‘நீங்கதான் அந்தக் கால் ஐயாவா’ என்று கேட்டார். கலெக்டர் அலுவலகத்தில் எந்த மேசையில் எந்த அம்மா எந்நேரத்தில் சிரிப்பார் என்பதுவரை எனக்குத் தெரியும்.

எல்லாவற்றையும்விடப் பெரியது ஞாயிற்றுக்கிழமை. காலில் அடிபட்டவர்களுக்கு ஆட்டுக்கால் சூப் கொடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். காலுக்குக் கால் தெம்பு தரும் என்பார்கள். உண்ணாமலை சனிக்கிழமையே போய்ச் சொல்லிவைத்து, நெருப்பில் வாட்டிச் சுரண்டிய கால்களாகப் பார்த்து வாங்கி வருவாள். மிளகும் சீரகமும் இடித்துப் போட்டு, எலும்பிலிருக்கிற பசை கரண்டியில் ஒட்டுகிற பதம் வரும்வரை அடுப்பை விட்டு நகரமாட்டாள். முதல் டம்ளர் எனக்கு. எனக்கு மட்டும். இல்லாத காலுக்கு எதற்குச் சூப் என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை. பரசுராமன் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து வாசனை பிடித்து, ‘மாப்ள, ஒனக்குத்தான் யோகம்டா’ என்று கத்துவான். அந்த ஒரு வரியைக் கேட்க இன்னொரு காலையும் கொடுத்திருப்பேன்.

நடந்ததற்கு வருகிறேன்.

பரசுராமனுக்குச் சர்க்கரை. பல வருடமாக. பாதம் மரத்துப்போய்விட்டது. செருப்பு கழன்று தெருவில் கிடக்கும், இவன் வெறுங்காலோடு வீட்டுக்குள் வந்து ‘செருப்ப எங்க உட்டேன்’ என்று தேடுவான். அவனுடைய தறி குழித்தறி. தரையில் வெட்டிய குழிக்குள் இரண்டு காலையும் தொங்கவிட்டு, உள்ளே இருக்கும் மிதிகட்டைகளை மாற்றி மாற்றி மிதித்துக்கொண்டு மேலே கையால் நெய்ய வேண்டும். இடுப்புக்கு மேலே நெசவாளி ராஜா. இடுப்புக்குக் கீழே என்ன நடக்கிறது என்பது இருட்டுக்குத்தான் தெரியும். போன வருடம் தை மாதம் அவனுடைய இடது கால் விரல்கள் கறுத்தன. வேலூருக்குக் கொண்டுபோனோம். ஐந்து விரலையும் எடுத்தார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சூப் டம்ளர் எனக்கு வரவில்லை. உண்ணாமலை அதைத் தூக்குவாளியில் ஊற்றி மூடிக்கொண்டிருந்தாள்.

“எனுக்கு?” என்றேன்.

“எங்கண்ணனுக்குப் பச்சப் புண்ணுங்க. ஒங்களுக்கு இன்னா, கட்டைதானே,” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கடுகு தீர்ந்துவிட்டது என்று சொல்கிற மாதிரி சொன்னாள். “நீங்களே கொஞ்சம் குடுத்துட்டு வந்துடுங்க. ஆறிடப் போவுது.”

நானேதான் கொண்டுபோய்க் கொடுத்தேன். அன்றிலிருந்து எல்லா ஞாயிறும் நான்தான் கொண்டுபோனேன். இதை எழுதிக்கொள்ளுங்கள், பிறகு உதவும்.

அவனுக்கு அட்டை வாங்கித்தர முகாமுக்கு அழைத்துப்போனதும் நான்தான். என்னைவிட்டால் யார்? திருவண்ணாமலை வரைக்கும் அவனுக்கு விளக்கிக்கொண்டு போனேன். நாற்பது சதவீதத்துக்குக் கீழே வந்தால் அட்டையில் வெள்ளைப் பட்டை. அது சும்மா பர்சில் வைத்துக்கொள்ளலாம், உதவித்தொகை எதுவும் வராது. நாற்பதிலிருந்து மஞ்சள் பட்டை, என்னுடையது மாதிரி. எண்பதும் அதற்கு மேலும் நீலப் பட்டை. அதெல்லாம் நமக்கு எதுக்கு மச்சான் என்றேன்.

டாக்டர் காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “விரல் மட்டும் போயிருந்தா இவ்ளோதான் வரும் பெரியவரே,” என்று இருபதைப் போட்டார். வெள்ளைப் பட்டை.

வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்து பரசுராமன் அந்தக் கட்டுப்போட்ட பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். “தறியிலயும் முழுசா உக்கார முடியல, அட்டயிலயும் முழுசா வர்ல. நான் இன்னா மாப்ள, அர ஆளா?” என்றான். எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. கொஞ்சம் இனிப்பாகவும் இருந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் ஒரு மனிதனுக்குள் இருக்க முடியும் மேடம், ஆரணிப் பட்டில் ஒரு பக்கம் பார்த்தால் ஒரு நிறமும் மறுபக்கம் பார்த்தால் வேறு நிறமும் தெரிகிறதல்லவா, அது போல.

திரும்பி வரும்போது பேருந்தில் என் முதல் இருக்கை மட்டும்தான் காலியாக இருந்தது. நான் உட்கார்ந்தேன். சட்டப்படி அது எனக்குத்தான். பரசுராமன் கம்பியைப் பிடித்து நின்றான். வண்டி கிளம்புவதற்குள் ஒரு பெண் எழுந்து அவனுக்கு இடம் கொடுத்தாள். இன்னொருத்தி தண்ணீர் பாட்டில் நீட்டினாள். கண்டக்டர், என் கண்டக்டர், அவனிடம் குனிந்து, ‘சக்கரயா பெரியப்பா? எங்கப்பாவுக்கும் இப்டித்தான் ஆச்சி’ என்று கண் கலங்கினார். என் பொய்க்கால் பேண்டுக்குள் இருக்கிறது. அவன் கட்டு வெளியே தெரிகிறது, அதில் கொஞ்சம் சிவப்பும் தெரிகிறது. இருபதைப் பார்த்து அழுகிறார்கள், அறுபது பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. இது அநியாயம் என்று எனக்குத் தோன்றியது. உங்களுக்குத் தோன்றவில்லையா?

வீட்டுக்கு வந்ததும் தேவகி வாசலிலேயே நின்றாள். விஷயத்தைச் சொன்னேன். அவள் தலையில் கைவைத்துக்கொண்டு, “பாதம் வரைக்கும் போயிருந்தாலாவது கெடச்சிருக்குமாண்ணா? இப்ப ரெண்டுங்கெட்டானா நிக்கிதே. இதோட மறுபடியும் குழியில எறங்கணுமே,” என்றாள்.

இதைத்தான் நான் உங்களுக்கு அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். முதலில் சொன்னது அவள்.

அவன் மறுபடியும் குழியில் இறங்கினான். வேறு வழியில்லை, தறியில் ஏற்றிய பாவு நூல் பாதி நெய்தபடி நின்றது. வெட்டின காலோடு ஏறி இறங்குவது கஷ்டம் என்பதால் காலையில் இறங்கினால் சாயங்காலம்தான் ஏறுவான். சாப்பாடு அங்கேயே வரும். சாப்பிட்டதும் பின்சுவரில் சாய்ந்து, கால் இரண்டையும் குழிக்குள்ளேயே விட்டபடி தூங்கிவிடுவான். குறட்டை விட்டால் தறியில் நூல் அதிரும். நான் மத்தியானத்தில் போய்த் தறிக்குழி ஓரத்தில் உட்கார்ந்து அவனுக்குத் துணையாக இருப்பேன். ஓய்வு பெற்றவனுக்கு வேறென்ன வேலை?

ஒரு நாள் அவன் கட்டு மாற்றும்போது பார்த்தேன். விரல் போன இடத்துக்குப் பக்கத்தில், பாதத்தின் ஓரத்தில், சின்னச் சின்னப் பிறை மாதிரி கீறல்கள். “மிதிகட்ட ஒரசிகினே கீது மாப்ள,” என்றான்.

அது மிதிகட்டை இல்லை. முப்பது வருடம் அரிசிக் குடோனில் இருந்தவனுக்கு எலிக்கடி தெரியாதா? எலி ஊதி ஊதிக் கடிக்கும் என்பார்கள், கடிபடுகிறவனுக்குத் தெரியாது. மரத்த காலாக இருந்தால் அது ஊத வேண்டிய சிரமம்கூட இல்லை. பாவுக்குப் போட்ட கஞ்சி வாசனைக்கு வந்த எலி, குழிக்குள் ஒரு காலைக் கண்டுபிடித்திருக்கிறது. விரல்கள் ஏன் கறுத்தன என்பது எனக்கு அப்போது விளங்கியது.

“ஆமா மச்சான், மிதிகட்டதான்,” என்றேன்.

இதுவரை நான் ஒன்றும் செய்யவில்லை என்பதைக் கவனியுங்கள். ஒன்றும் சொல்லவில்லை, அவ்வளவுதான். சும்மா இருப்பதற்குத் தண்டனை உண்டு என்றால் ஆரணியில் பாதிப் பேரை உள்ளே வைக்க வேண்டும்.

பிறகு அந்தப் பூனை. தேவகி ஒரு பூனை வைத்திருந்தாள். புலிக்குப் பிறந்து தவறி இந்தத் தெருவுக்கு வந்த மாதிரி இருக்கும். அது தறிப்பக்கம் படுத்திருந்தவரை எலிக்கு வேலை சரியாக நடக்கவில்லை. ஒயர் கூடையில் போட்டு, மேலே துண்டைக் கட்டி, செய்யாறு பேருந்தில் ஏறி, தொழிற்பேட்டைக்கு முன்னால் இறக்கிவிட்டேன். அங்கே ஏதாவது கம்பெனி கேன்டீனில் ஷிப்டு வேலை பார்த்துக்கொண்டிருக்கும். அந்தக் கண்டக்டர் என்னை ஞாபகம் வைத்திருந்து உங்களிடம் சொன்னார் என்றீர்கள். வைத்திருப்பார். முதல் இருக்கையில் கூடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தவனிடம் ‘துணைக்கு வர்றவங்களுக்கும் சலுகை உண்டு தலைவரே, பூனைக்கும் போட்டுடவா’ என்று அவர் கேட்க, வண்டியே சிரித்தது. அப்போது எனக்குப் பெருமையாக இருந்தது. ஸ்கூட்டரில் போயிருக்கலாம். ஆனால் ஸ்கூட்டரில் போனால் யார் பார்க்கிறார்கள்?

பிறகு சூப். உண்ணாமலை எலும்போடுதான் அனுப்புவாள். நான் வடிகட்டித் தண்ணீரை மட்டும் டம்ளரில் ஊற்றி அவனுக்குக் கொடுப்பேன். குடித்துவிட்டு, ‘எந்தங்கச்சி கையே கை’ என்று சொல்லித் தூங்கிப்போவான். எலும்புகளைக் குழிக்குள், அவன் இடது பாதத்துக்குப் பக்கத்தில் வைப்பேன். கரண்டியில் மீதி ஒட்டியிருக்கிற பசையை அவன் கட்டின்மேல் தடவுவேன். மெதுவாகத்தான் தடவுவேன். அவனுக்குத் தெரியாது என்றாலும் மெதுவாகத் தடவுவேன். நானும் அங்கேயே உட்கார்ந்து, என் பொய்க்காலைக் குழிக்குள் தொங்கவிட்டுக்கொள்வேன். ஒருமுறை அது என் காலையும் கடித்துப் பார்த்துவிட்டது. இந்த ரப்பர் பாதத்தின் குதிகாலில் பாருங்கள், பல் பதிந்திருக்கிறது. சாட்சியத்துக்கு வேண்டுமென்றால் கழற்றித் தருகிறேன், ஆனால் ரசீது கொடுத்துவிடுங்கள். ஒரு குழிக்குள் இரண்டு பேருடைய கால். ஒருவனுக்கு ரப்பர், ஒருவனுக்குச் சர்க்கரை. இருவருக்குமே வலிக்கவில்லை. யாருக்கும் வலிக்காத காரியத்தை எப்படிக் கொடுமை என்று சொல்வது?

நான் நினைத்தது இதுதான். பாதத்தின் முன்பாதி போனால் நாற்பதைத் தொட்டுவிடும். மஞ்சள் பட்டை வந்துவிடும். அவனும் நானும் ஒரே நிறம். அவன் நாற்பது, நான் அறுபது, எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கும். அவன் தறியைவிட்டு எழுந்துவிடுவான், மயில்கள் ஊருக்குத் திரும்பி வரும், என் சூப் எனக்கு வரும். நாற்பதோடு நிறுத்தத்தான் நினைத்தேன். எலிக்குக் கணக்குத் தெரியவில்லை.

ஐப்பசியில் அவனுக்குக் குளிர் ஜுரம் வந்து வாய் குழறியது. வேலூரில் டாக்டர் தொடையில் கை வைத்துக் காட்டினார், இங்கே வரைக்கும் எடுக்க வேண்டும் என்று. நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, “முழங்காலுக்குக் கீழயே நிறுத்திடக் கூடாதுங்களா டாக்டர்?” என்று கெஞ்சினேன். என் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. அவர் என் தோளைத் தட்டி, “இப்படி ஒரு சொந்தம் கெடைக்கிறதுக்குக் குடுத்து வெச்சிருக்கணும்,” என்றார். தேவகிகூட அழுகையை நிறுத்திவிட்டு என்னைக் கையெடுத்துக் கும்பிட்டாள். முழங்காலுக்கு மேலே எடுத்தால் எண்பது என்பது அங்கே எனக்கு மட்டும்தான் தெரிந்திருந்தது.

எண்பதேதான் வந்தது. நீலப் பட்டை. சாதாரண நீலம் இல்லை மேடம், ஆனந்தா நீலம். பட்டில் அந்த நிறத்தைப் பிடிக்கச் சாயக்காரர்கள் படாத பாடு படுவார்கள், அரசாங்கம் ஒரு பிளாஸ்டிக் அட்டையில் அனாயாசமாகப் போட்டுக் கொடுத்தது. முகாமில் பெரிய அதிகாரி கையால் அவனுக்கு மேடையில் கொடுத்தார்கள். அவனைத் தாங்கிப் பிடித்து நின்றது நான். மறுநாள் பேப்பரில் படம் வந்தது. அதிகாரி இருந்தார், பரசுராமன் இருந்தான், என் முழங்கை இருந்தது. உண்ணாமலை அதைக் கத்தரித்துச் சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒட்டினாள். கத்தரிக்கும்போது முழங்கையும் போய்விட்டது.

அதற்குப் பிறகு சூப் ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் என்பது போய், புதன்கிழமைக்கும் வந்தது. வெம்பாக்கத்துக்காரர் மறுபடி வந்தார். நேராக அடுத்த வீட்டுக்குப் போனார்.

இதோடு நின்றிருந்தால்கூட நான் சகித்துக்கொண்டிருப்பேன். நான் பொறுமைசாலி. ஆனால் உதவித்தொகை வந்த பிறகு அவன் என்ன செய்திருக்க வேண்டும்? கட்டிலில் உட்கார்ந்து டி.வி. பார்த்திருக்க வேண்டும். அவன் மறுபடியும் தறியில் உட்கார்ந்தான். இரண்டு மிதிகட்டையையும் வலது கால் ஒன்றாலேயே மாற்றி மாற்றி மிதித்து நெய்யப் பழகிக்கொண்டான். “சும்மா குந்திகினு கெடந்தா பேஜாரா கீது மாப்ள,” என்றான். தெரு முழுக்க வந்து பார்த்தது. சென்னையிலிருந்து ஒரு பெண் செல்போனை ஒரு குச்சியில் மாட்டிக்கொண்டு வந்து படம் எடுத்தாள். நான் பக்கத்தில் போய் என் பேண்டை முழங்கால்வரை தூக்கிக்கொண்டு நின்றேன். கேட்டால் சொல்லலாமே என்றுதான். அவள், “அங்கிள், நிழல் விழுது, கொஞ்சம் தள்ளிக்கறீங்களா?” என்றாள்.

நான் தள்ளிக்கொண்டேன்.

அந்தப் படத்தை உலகமே பார்த்ததாம். சிங்கப்பூரிலிருந்து யாரோ புடவை கேட்டார்களாம். உண்ணாமலை சாப்பாடு போட மறந்துவிட்டு அதையே திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தாள். திரையின் ஓரத்தில் ஒரு நிழல் தள்ளிப்போவது தெரியும். அது நான் என்று அவளிடம் சொன்னேன். ‘எங்க?’ என்றாள்.

வலது காலைப் பற்றி நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். ஆமாம், அதுவும் நான்தான். அதே எலும்பு, அதே பசை. சூப் இல்லாத நாட்களில் கடைத்தெரு மசால் வடை. எலிப்பொறிக்கு மசால் வடையைவிட உயர்ந்தது எதுவும் இல்லை என்பது குடோனில் கற்றது. இதற்குச் சதவீதத்தைக் காரணம் சொல்ல மாட்டேன். நீலத்துக்கு மேலே பட்டை கிடையாது, அது எனக்கு நன்றாகத் தெரியும். ஏன் செய்தேன் என்று யோசித்துப் பார்த்தேன். பழக்கமாகிவிட்டது என்றுதான் நினைக்கிறேன். சிலர் பகல் தூக்கம் பழகிக்கொள்வதில்லையா?

மாட்டிக்கொண்டதும் அந்தச் சூப்பால்தான். போன வாரம் பரசுராமன் சுவர் வழியாகத் தங்கையைக் கூப்பிட்டு, “இன்னா உண்ணாமல, எலும்பே போடாம சூப்பு அனுப்பற? ஆட்டுக்காலா, இல்ல ஆட்ட நடக்க உட்டு அந்தத் தண்ணியில வெச்சியா?” என்று கேலி செய்தான். எங்கள் வீட்டில் அவள் பாத்திரம் தேய்ப்பது நின்றது.

“எலும்போடதாண்ணா குடுத்தனுப்பறேன்,” என்றாள்.

அன்று மத்தியானம் அவன் சாப்பிட்டுச் சாய்ந்திருந்த நேரத்தில் அவள் போய்க் குழிக்குள் இறங்கினாள். அந்த வீட்டில் பிறந்தவள், அந்தக் குழியில் சின்ன வயதில் ஒளிந்து விளையாடியவள். வெகுநேரம் வெளியே வரவில்லை. வந்தபோது முந்தானை நிறைய எலும்பு ஏந்தியிருந்தாள். அண்ணன் வலது காலின் குதிகாலைத் துடைத்துப் பார்த்திருக்கிறாள், அவள் கையெல்லாம் ஈரமாக இருந்தது. நான் குழி ஓரத்தில் வழக்கமான இடத்தில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் வடைப் பொட்டலம் இருந்தது.

அவள் கத்தவில்லை. “எத்தினி ஞாயித்துக்கெழமங்க?” என்று மட்டும் கேட்டாள்.

ஞாயிறு மட்டும் இல்லை என்று உண்மையைச் சொன்னேன். அவளிடம் நான் ஒருநாளும் பொய் சொன்னதில்லை.

அப்படியே, முந்தானையை இறக்காமல், இந்த ஸ்டேஷனுக்கு நடந்து வந்திருக்கிறாள். என் ஸ்கூட்டரில் ஏற்றி வந்திருப்பேன், கேட்டிருந்தால்.

இப்போது அவள் வேலூரில் அண்ணன் பக்கத்தில் இருக்கிறாள் என்று சொன்னீர்கள். வலது காலில் விஷம் ஏறியிருக்கிறது, இன்றைக்கு முடிவு சொல்வார்கள், உயிருக்கே சொல்ல முடியாது என்றீர்கள். எனக்கும் வேண்டுதல் இருக்கிறது. படவேட்டு அம்மனுக்கு வெள்ளித் தகட்டில் ஒரு கால் செய்து போடுவதாக நேர்ந்துகொண்டிருக்கிறேன். அவன் அந்தக் காலோடு திரும்பி வர வேண்டும். மனதாரச் சொல்கிறேன், அந்தக் கால் நிற்க வேண்டும்.

நீங்கள் என்னவெல்லாம் எழுத வேண்டுமோ எழுதிக்கொள்ளுங்கள். படித்துப் பார்க்காமலே கையெழுத்துப் போடுகிறேன். பொறாமை என்ற சொல்லை மட்டும் போடாதீர்கள், அது எனக்குப் பொருந்தாது. ஒரே ஒரு சந்தேகம். உங்கள் போனில் கேட்டுச் சொன்னால் போதும். அந்தக் காலையும் எடுத்துவிட்டால், அவனுக்கு நூறு போட்டுவிடுவார்களா மேடம்?